உரிமையாளரின் பதில்

ஷட்டரைப் பாதி தூக்கும்போதே
பக்கத்து மெடிக்கல் ஷாப் சையத்
போனை நீட்டினான்:
"அக்கா, உங்க கிளினிக்குக்கு ஒரே ஒரு ஸ்டார்."

மர்ஃபி டவுன் மார்க்கெட்டின் மீன்வாடைக்கு நடுவே
நின்றபடியே படித்தேன்.

'நாலரைக்கு அப்பாயின்ட்மென்ட், உள்ளே போனது ஆறே கால்.
மனைவிக்கு ஏழாம் மாதம்.
உட்கார இடமில்லை, குடிக்கத் தண்ணீரில்லை.
ஏன் லேட் என்று கேட்டால்
முன்னால் இருக்கும் பெண்
தலையைக்கூட நிமிர்த்த மாட்டாள்.
பணம் பிடுங்கும் இடம். யாரும் வராதீர்கள்.'

பதினேழு பேருக்கு
இது பயனுள்ளதாக இருந்திருக்கிறது.

முன்னால் இருக்கும் பெண் நான்தான்.
பதினோரு வருடமாக முன்னால் இருக்கிறேன்.
'உரிமையாளரின் பதில்' என்ற கட்டத்தில் எழுதுவதும் நான்தான்.
டாக்டர் சுகிர்தாவுக்கு ஐந்து மொழி தெரியும்,
பாஸ்வேர்டு தெரியாது.

போன மாதம் கோரமங்களாவிலிருந்து ஒரு பையன் வந்தான்,
கழுத்தில் அட்டை, கையில் லேப்டாப்.
எட்டாயிரம் கொடுத்தால்
நாற்பது பேர் ஐந்து நட்சத்திரம் போடுவார்களாம்.
"யாருப்பா அவங்க?"
"யாராவது, மேடம்."
யாராவதுக்கு இங்கே ஃபைல் கிடையாது என்று
டாக்டர் அனுப்பிவிட்டார்.

முதல் பதிலைக் கோபத்தில் எழுதினேன்:
ஐயா, உங்களிடம் ஸ்கேனுக்கு வாங்கியது
பாதிப் பணம்தானே, மறந்துவிட்டதா?
அழித்தேன்.
அது அவர் மனைவியின் ஃபைலுக்குள் இருக்கிற விஷயம்.

இரண்டாவதில் உண்மையை எழுதினேன்.
அதையும் அழித்தேன்.
அந்த உண்மை வேறொருத்தியுடையது.

அன்று நாலு மணிக்கு உள்ளே போனவள்
ஆறு மணிக்கு வெளியே வந்தாள்,
பின்வாசல் வழியாக.
டாக்டரே கூடப் போய் ஆட்டோ ஏற்றிவிட்டார்.
அதற்குமேல் சொல்ல எனக்கு அனுமதியில்லை,
இங்கேயும்.

என்னுடையது ஒன்றை மட்டும் சொல்லலாம்.
வந்துபோன தேதிகளைப் பேனாவில் எழுதுவோம்,
வரப்போகும் தேதிகளைப் பென்சிலில்.
அந்தச் சாயங்காலம்
ஒரு பெயரை ஐந்து பக்கங்களில் தேடித் தேடி
ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
மேசையெல்லாம் கறுப்புத் துகள்.
"மேடம், ஏன் லேட்?"
அவர் பக்கத்திலேயே
வயிற்றில் கை வைத்தபடி நின்றாள் அந்தப் பெண்.
நிமிர்ந்திருந்தால்
அவள் படித்திருப்பாள்.

மதியம் டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:
"பிலோ, தண்ணி கேன் காலியாவா இருந்துச்சு?"
"ஆமா டாக்டர். கேன் போடுற பையன் ரெண்டு நாளா வரல."
"நாற்காலி?"
"ரெண்டு உடைஞ்சு கிடக்கு."
"அப்ப அவர் சொன்னது சரிதானே."

'தவிர்க்க முடியாத காரணத்தால்' என்று நான் எழுதியதை
விரலால் காட்டி எடுக்கச் சொன்னார்.
"காரணம்னு எழுதினா
என்ன காரணம்னு கேப்பாங்க."

கடைசியில் நின்றது இவ்வளவுதான்:
தண்ணீர் இல்லாதது எங்கள் தவறு.
இப்போது இரண்டு கேன் இருக்கிறது.
நாற்காலிகளும் வாங்கியிருக்கிறோம்.
காத்திருக்க வைத்ததற்கு வருந்துகிறோம்.

அதன் கீழே யாரோ
சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டிருந்தார்கள்.

நட்சத்திரம் இன்னும் ஒன்றுதான்.

எட்டாம் மாதம் அவர்களே வந்தார்கள்.
அவர் என்னைப் பார்க்காமல்
நேரே கேனுக்குப் போய்
ஒரு டம்ளர் பிடித்து மனைவியிடம் கொடுத்தார்.
பிறகு இன்னொன்று, தனக்கு.
இந்த முறை நிமிர்ந்தேன்.
"வெயிட் நாலு நிமிஷம்தான், உக்காருங்கம்மா" என்றேன்.

போகும்போது அடுத்த தேதி கேட்டாள்.
பென்சிலில்தான் எழுதினேன்,
பின்பக்கம் தடம் விழுகிற அளவுக்கு
அழுத்தி.